இன்னொருக்கா கையைத் தூக்குங்க

கேண்டிட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது குமட்டிக்கொண்டு வருகிறது. சொல்லிவைக்காமல், ஆள் அறியாமல் எடுக்கிற படம் என்பதுதான் அதற்கு அர்த்தம். எங்கள் கோயம்புத்தூர்க் கல்யாண மண்டபங்களில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துச் சிரிப்பதற்குப் பெயர் கேண்டிட். "அக்கா, கேண்டிடா நிக்கிறோமுங்க, எடுங்க" என்று பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நிற்பார்கள். மாப்பிள்ளை கூரையில் ஓடும் ஃபேனைப் பார்ப்பான். பெண் தன் வளையலைப் பார்ப்பாள். பின்னாலிருந்து யாரோ ஒரு மாமா, "இன்னுங் கொஞ்சம் கேண்டிடாச் சிரி கண்ணு" என்பார். கருமம் என்று தலையில் அடித்துக்கொண்டு நானும் எடுப்பேன். பிழைப்பு ஓட வேண்டுமே.

கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் என் ஸ்டூடியோ இருக்கிறது. கீழே மெஷின் ஓடினால் மேலே என் டீ கிளாஸ் நடுங்கும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் எல்லாரையும் போல நிற்க வைத்துத்தான் எடுத்தேன். தோளைத் திருப்புங்க, தாடையை இறக்குங்க, மாலையைத் தொட்டுக்கிட்டே அவரைப் பாருங்க. ஒருமுறை ஆல்பம் அச்சடிக்கும் இடத்தில் இரண்டு கல்யாணங்கள் கலந்துபோய்விட்டன. பல்லடத்துப் பெண்ணின் ஆல்பத்துக்குள் அன்னூர்ப் பெண் நான்கு பக்கம் நின்றிருக்கிறாள். பல்லடத்து வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதே மாலை, அதே சிரிப்பு, அதே மூக்குத்தி, அதே சாய்ந்த தலை. ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரி புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருங்க?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு போன் வந்தது. போனை வைத்துவிட்டு நான் எடுத்த ஆல்பங்களை எல்லாம் பரப்பிப் போட்டுப் பார்த்தேன். இதற்கு ஒரு மனுஷி எதற்கு, கேமராவைத் தாங்க ஒரு முக்காலி போதுமே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனி யாரையும் நிற்கச் சொல்வதில்லை. திரும்பு, சிரி, அழு என்று வாயைத் திறப்பதில்லை. ஓரமாக நின்று நடப்பதை எடுப்பேன், அவ்வளவுதான். முதல் இரண்டு வருடம் திட்டு வாங்கினேன். "ஏனுங்க அம்மணி, எங்க சம்பந்தி நேராப் பாக்கற படம் ஒண்ணுகூட இல்லியே?" என்பார்கள். அப்புறம் மெல்ல மெல்ல அதுவே என் பாணி என்று பெயராகிவிட்டது. அந்தக்கா நிற்கச் சொல்ல மாட்டாள், அவள் படத்தில் ஆட்கள் உயிரோடு இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. மற்ற போட்டோக்காரர்களைப் பார்த்தால் உதட்டைச் சுழிப்பேன். பொய்யை விற்கிறவர்கள், நான் மட்டும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண்.

இப்படி இருக்கும்போதுதான் வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்னைக் கூப்பிட்டார்கள். எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம். பெண் வீட்டார் வீடியோவுக்குத் தனியாக ஒருவரைப் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் ஒரு ஷூட்டிங் வேண்டும் என்று அந்த வீடியோக்காரர் கிளப்பிவிட, யாரோ ஒருவருடைய தோட்டத்துக்குப் போனோம். பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளைக்கு வேட்டியை மடித்துக் கட்டி, இரவல் காளை ஒன்றின் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். காளை ஒரு மூச்சு விட்டது. மாப்பிள்ளை வரப்பைத் தாண்டிப் போய் நின்றான். பெண் இடுப்பில் குடத்தோடு கிணற்று மேட்டில் நின்றாள். கிணற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. குடமும் பிளாஸ்டிக், மேலே பித்தளைப் பெயிண்ட். பெண்ணைப் பெற்றவர் நிழலில் நின்று, "நம்ம பாரம்பரியமுங்க" என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். தூ என்று துப்பலாம் போல இருந்தது. ஆமாங்க என்றேன்.

கல்யாணத்தன்று விடியற்காலையே மண்டபத்துக்குப் போய்விட்டேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் தன் கல்யாணத்துக்கு அலங்கரித்ததுபோல அலங்கரித்துக்கொண்டு, கூடையைத் தலைமேல் இரண்டு கையாலும் பிடித்தபடி, அவன் பக்கத்தில் வந்து நிற்பாள். புதுச்சேலை ஒன்று இருவரையும் இணைத்திருக்கும். கட்டிக்கொடுத்துப் போனாலும் உனக்கு இந்த வீட்டில் உள்ள உரிமை போகாது, வருகிறவளும் அதைத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஊரறியச் சொல்வதுதான் அந்தச் சீர்.

இந்த மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த அக்கா ஒருத்தி இருந்தாள். முப்பத்தி நாலு, முப்பத்தி அஞ்சு வயசு இருக்கும். கணவன் இறந்து இரண்டு வருடம். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தையோடு அம்மா வீட்டிலேயே இருக்கிறாள். அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவளே அவள்தான் என்று சமையல்காரர் வரைக்கும் சொன்னார்கள். ஆனால் சீர் செய்ய அவளைக் கூப்பிடவில்லை. சித்தப்பா மகள் ஒருத்தியைப் பட்டுச்சேலை கட்டி நிறுத்தியிருந்தார்கள். அக்காவிடம் அவள் அம்மா, நான் கேட்கவே சொன்னார்: "நீ பந்தியப் பாத்துக்க கண்ணு. வந்திருக்கற ஒறம்பரை சனத்துக்கு ஒண்ணும் கொறையாமப் பாத்துக்கோணும். உன்னைய விட்டா ஆரு இருக்கறா?" அவள், "செரிங்கம்மா" என்று போனாள். எங்கள் ஊர் மரியாதையில் இப்படி ஒரு வசதி. ஒருத்தியை ஒதுக்கி வைக்கிறபோதும் பெரிய பொறுப்பைக் கொடுத்ததுபோல வைக்கலாம்.

சீர் தொடங்கியது. சித்தப்பா மகளுக்கு அதில் பழக்கமில்லை. கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கூடை கோணிக்கொண்டு போனது. நான் மேடைக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால், பந்தி நடக்கும் கூடத்துக்குப் போகும் வழியில் தூணோரமாக அக்கா நின்றுகொண்டிருக்கிறாள். உதடு அசைகிறது. இப்படிப் புடி, இப்படி என்று. சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் தூக்கித் தன் தலைமேல் இல்லாத கூடையைப் பிடித்துக் காட்டுகிறாள்.

அந்தப் படத்தை நான் இன்ஸ்டாகிராமில் போட்டேன். வெறுங்கை இரண்டும் தலைமேல் நிற்க, கண் தூரத்து மேடையில் இருக்க, ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தில் விழுந்திருந்தது. கீழே நானே எழுதினேன்: 'உரிமை பறிக்கப்பட்ட கைகள்.' கணவனை இழந்தவள் என்று தம்பிக்குச் சீர் செய்ய இவளைக் கூப்பிடவில்லை என்றும் இரண்டு வரி சேர்த்தேன். எழுதும்போது எவ்வளவு நன்றாக எழுதுகிறேன் என்று ஒரு மிதப்பு. இரண்டே நாளில் தீயாகப் பரவிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பகிர்ந்தார்கள். சோகப் பாட்டு சேர்த்து ரீல்ஸ் போட்டார்கள். ஒரு கூட்டம் சடங்கைத் திட்டியது, ஒரு கூட்டம் சாதியைத் திட்டியது, இன்னொரு கூட்டம் அவர்களைத் திட்டியது. நடுவில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். இதுதான் உண்மையான கேண்டிட், இந்தக் கணத்துக்காக எத்தனை மணி நேரம் காத்திருந்தாரோ என்றார்கள். நான் இதயக்குறி போட்டு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்த முகூர்த்த மாதத்துக்கு என் டைரி நிறைந்துவிட்டது.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் நான் நிற்க வைத்து எடுத்தது.

அக்கா முதல்முறை கையைத் தூக்கியபோது நான் கேமராவை எடுத்து அழுத்தினேன். அதே நொடியில் வீடியோக்காரர் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார். படத்தில் முக்கால்வாசி அவருடைய முதுகு. ஃபோகஸ் அவருடைய காலரில் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் மங்கலாக இரண்டு கை மட்டும். அவர் விலகியபோது அவள் கையை இறக்கிவிட்டாள். போய்விட்டது. இத்தனை வருடம் வாய்க்காத ஒரு படம் ஒரு காலரால் போய்விட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. விறுவிறுவென்று அவளிடம் போனேன். "அம்மணி, இன்னொருக்கா கையைத் தூக்குங்க. அதே மாதிரி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். உடனே தூக்கவில்லை. "கொஞ்சம் ஜன்னல் பக்கமா வாங்க. என்னையப் பாக்காதீங்க, மேடையப் பாருங்க" என்றும் சொன்னேன். சொன்னேன், ஆமாம், நான்தான். அவள் நகர்ந்து வந்து நின்று, மெதுவாகக் கையைத் தூக்கினாள். நான்கு முறை அழுத்தினேன். நான்காவதைத்தான் உலகம் பார்த்தது. அன்று மாலை காரில் திரும்பும்போது எனக்கே நான் நிற்க வைத்தது மறந்துபோயிருந்தது. அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டேன். எதுவென்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். வெள்ளகோவிலிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சேரின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "தொந்தரவு பண்றனுங்களாக்கா?" என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். படம் பரவியதும் பெண் வீட்டாருக்குக் கோபம். மங்கலமான காரியத்தை ஊரே காறித் துப்பும்படி ஆகிவிட்டதே என்று. அப்போது அவர்கள் தங்கள் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஓரத்தில் அவள் தெரிகிறாள். ஜன்னல் பக்கம் நகர்ந்து வருகிறாள், நின்றுகொள்கிறாள், கையைத் தூக்கிப் போஸ் கொடுக்கிறாள். நான் அந்த ஃபிரேமுக்குள் வரவில்லை. "உங்க பொண்ணே வேணும்னு நின்னு நாடகம் போட்டிருக்கறா. கல்யாணத்தக் கேவலப்படுத்தோணும்னு போட்டோக்காரியோட சேர்ந்து பண்ணுனது" என்று சம்பந்தி போனில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா அவளோடு பேசுவதில்லை. செத்துப்போன புருஷன் வீட்டுக்கே குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடச் சொல்லிவிட்டார். அங்கே இவளை வைத்துக்கொள்ள யாரும் இல்லை. தம்பியும் போன் எடுப்பதில்லை.

"நீங்க எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க. நானாப் போயி நிக்கலீன்னு. நீங்க கேட்டீங்க, பெரியவங்க கேக்கறாங்களேன்னு நின்னேன். அதச் சொன்னாப் போதும்" என்றாள். என் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நாலு வார்த்தை பதிலுக்குப் பேசியிருப்பேன்.

சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? முதலில், "போனில் பேசறேனே" என்றேன். அப்புறம், "நீங்களா நிக்கலைன்னு பொதுவாச் சொன்னாப் போதாதா?" என்றேன். நிற்க வைத்தேன் என்று ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக்காவும் மற்றவர்கள் மாதிரிதான், அழுகிற பெண்ணைக்கூட வெளிச்சத்துக்கு வரச்சொல்லி எடுப்பாள் என்பார்கள். எதிரே ஒருத்தி வீடு போகிறதே என்று உட்கார்ந்திருக்கிறாள், நான் என் பாணி போகிறதே என்று உட்கார்ந்திருக்கிறேன். சீ, என்ன ஜென்மம் நான்! அவள் முன்னாலேயே அந்தப் பதிவை அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பையும் ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போனேன். தம்பியையும் வரவழைத்திருந்தார்கள். அம்மா என்னை வாங்க என்றார், உட்காருங்க என்றார், மகள் பக்கம் மட்டும் பார்வை போகவில்லை. நான் லேப்டாப்பைத் திறந்து முதல் படத்தைக் காட்டினேன். "இது அவங்களுக்கே தெரியாம நடந்ததுங்கம்மா. அந்தப் புள்ள கூடையக் கோணலாப் புடிக்குதேன்னு சொல்லிக்குடுத்தாங்க. இது சரியா விழலை. அதனால நான்தான் போயி இன்னொருக்கா நிக்கச் சொன்னேன். ஜன்னல்கிட்ட வரச் சொன்னதும் நான்தான். ஊரெல்லாம் பார்த்தது இதுதான்" என்று மற்ற நான்கையும் காட்டினேன். "எழுதுனதும் நான்தானுங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை."

தம்பி குனிந்து அந்த மங்கலான முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா, இத்தனை வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக மகள் பக்கம் திரும்பி, "அம்மணிக்குக் காப்பி வெச்சுக் கொண்டா கண்ணு" என்றார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான், சரியாகிவிட்டது என்று எனக்கு மூச்சு வந்தது.

அவள் உள்ளே போனதும் அம்மா, "அதையெல்லாம் அழிச்சுப்போடுங்க அம்மணி. எங்கியும் இருக்க வேண்டாம்" என்றார். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. லேப்டாப்பை அவர்கள் இருவர் பக்கமும் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக அழித்தேன். ஹார்ட் டிஸ்க்கிலும் அழித்தேன். லேப்டாப்பின் குப்பைத்தொட்டியில் கிடப்பதையும் காலி செய்தேன். போனில் அழித்தது இன்னும் கொஞ்ச நாளைக்கு உள்ளே இருக்கும் என்று நானே சொல்லி, அங்கேயும் போய் அழித்து, "பாருங்க, ஒண்ணும் இல்லை" என்று தூக்கிக் காட்டினேன். பாவத்தைக் கழுவுகிறேனாம். என் முகத்தில் அப்போது எவ்வளவு உருக்கம் இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது. படத்தில் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவள் கார் வரைக்கும் கூட வந்தாள்.

"நெம்ப உதவிங்க்கா. அம்மா பேசிருச்சு" என்றாள். அப்புறம் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "ஒண்ணு கேக்கோணுமுங்க. அந்தப் படத்த எனக்கு ஒண்ணு அனுப்பி உடுவீங்களா? ஒருத்தருக்கும் காட்ட மாட்டேன்" என்றாள்.

முதல் படத்தைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். தம்பி குனிந்து பார்த்ததை அவளும் பார்த்திருப்பாள்.

"அது இல்லீங்க. நீங்க நிக்கச் சொல்லி எடுத்தது. மொதல்ல கை தானாத் தூக்குச்சு. அந்தப் புள்ள கூடையக் கீழ போட்டுருமோன்னு. எனக்கே தெரியலீங்க. அப்பறம் நீங்க வந்து இன்னொருக்கா தூக்குங்கன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் நான் என்ன பண்றேன்னே எனக்குத் தெரிஞ்சுது. இது செய்யலாமா வேண்டாமான்னு ஒரு நிமிசம் நின்னேன். எதுக்கால தம்பி நிக்கறான். என்னையச் செய்யச் சொல்லிக் கேக்கறதுக்கு ஒரு ஆளாச்சும் இருக்கறாங்க, செஞ்சுபோடலாம்னு தூக்கினேன். அவனப் பாத்துட்டேதான் தூக்கினேன். நான் அன்னிக்குச் சீர் செஞ்சேனுங்க்கா."

நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அழிச்சுட்டேன் அம்மணி" என்றேன்.

"எதைங்க?"

"எல்லாத்தையும். இப்பத்தான். நீங்க காப்பி வெச்சுட்டு இருந்தப்ப."

அவள் என் கையிலிருந்த லேப்டாப் பையைப் பார்த்தாள். "அதுக்கென்னங்க. பாத்துப் போங்க, லாரி எச்சா வரும்" என்றாள்.

மறுநாளே லேப்டாப்பையும் ஹார்ட் டிஸ்க்கையும் காந்திபுரத்தில் அழிந்ததை மீட்டுத் தருகிற ஒரு கடையில் கொடுத்தேன். நான்கு நாள் வைத்திருந்து, யார் யார் கல்யாணத்தையோ எடுத்துக் கொடுத்தார்கள். மண்டபத்துக்குக் கொண்டுபோன கேமரா கார்டில் அதற்குப் பிறகு ஆறு கல்யாணம் ஏறியிருந்தது. வெளியில் மட்டும் அந்தப் படம் தாராளமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தேடினால் வருகிறது. ஒன்றில் அவள் கைகளுக்குக் குறுக்கே யாரோ தங்கள் பக்கத்தின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். முகத்துக்குக் கீழே மஞ்சள் எழுத்தில், 'ஒரு விதவையின் கண்ணீர்' என்று இருக்கிறது. இருப்பதில் கொஞ்சம் தெளிவானது அதுதான்.

வேறு வழியில்லாமல் அவளுக்கு போன் செய்தேன். அதையே எடுத்து, முடிந்தவரை எழுத்தை மறைத்து, பிரிண்ட் போட்டு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"நானும் பாத்தேனுங்க்கா. அது வேண்டாம்" என்றாள். "அதுல நான் அழுகறேன்னு எழுதியிருக்கறாங்க. நான் அன்னிக்கு அழுகலீங்களே."